கட்டுமரமும் கூலியும்

(காரைக்காலில் நடைபெற்ற தமிழ்மொழிக் காப்புக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மொழிக்காப்பைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்தீர்கள். நானோ இன்று பணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். தமிழுக்கும் பணத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் முகம் சுளிக்கலாம். பொறுத்திருந்து கேளுங்கள். தொடர்பு உண்டா இல்லையா என்பதை இறுதியில் நீங்களே முடிவு செய்யுங்கள்.

நம் மொழியிலிருந்து கடல்கடந்து சென்று, ஞாலத்து மொழிகளிலெல்லாம் குடியேறிய சொல் ஒன்று 'கட்டுமரம்'. அதில் எவர்க்கும் ஐயமில்லை. 'கூலி' என்னும் சொல்லும் நம்மிடமிருந்தே சென்றது என்று அறிஞர் சிலர் கூறுவர். இவ்விரு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டுமரம் என்பது ஒருவனுடைய சொந்தக் கருவி; அவன் கைம்முதல். அதன்மேல் ஏறியவன் தான் விரும்பிய திசையில் செல்வான்; விரும்பியபோது கரைக்குத் திரும்புவான். கூலி என்பது கைம்முதல் இல்லாதவன் தன் உடம்பை விற்றுப் பெறுவது. அவனை எவன் ஏற்றுகின்றானோ அவன் விரும்பிய திசையில்தான் அவன் செல்வான். இக் காரைக்கால் துறையிலிருந்து இவ்விரு வகையினரும் சென்றிருக்கின்றனர். ஆகையால்தான் இச்செய்தியை இங்கே பேசுதல் பொருந்தும் என்று எண்ணினேன்.

இவ்வூரின் பழம்புகழே ஒரு வணிகர் வீட்டில்தான் தொடங்குகின்றது. தனதத்தன் என்னும் வணிகனின் மகளாகப் பிறந்த புனிதவதியாரே காரைக்கால் அம்மையார். அவர் கணவன் பரமதத்தனும் கலமேறிப் பொருளீட்டியவன் என்று சேக்கிழார் பாடியிருக்கின்றார். ஆண்டுதோறும் ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழாவன்று தெருவெல்லாம் நாம் கனி இறைக்கின்றோமே, அக்கனி ஒரு வணிகன் தன் கடையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய கனி! சமயச் செய்தியை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், இம்மண்ணில் வணிகம் இழிதொழிலாக என்றும் கருதப்படவில்லை என்பது விளங்கும்.

அவ்வணிக மரபை அண்மைக்காலம்வரை கடலில் காத்தவர்கள் இவ்வூர் முசுலிம் பெருமக்கள். மரக்காயர் என்னும் பெயரே மரக்கலம் என்னும் தூய தமிழ்ச்சொல்லின் வழிப்பட்டது என்பர். வீட்டிலும் கடையிலும் அவர்கள் பேசுவது தமிழ். அவர்கள் புலவர்கள் பாடியதும் தமிழ். மசுத்தான் சாயபு அடக்கத்தலத்தின் கந்தூரி விழாவில் எல்லாச் சமயத்தாரும் திரள்வதை நீங்கள் ஆண்டுதோறும் காண்கின்றீர்கள். அவர்களைச் 'சிறுபான்மையர்' என்று அரசு எழுதும். அஃது எண்ணிக்கையைக் குறித்த சொல். இனத்தால் அவர்கள் நம்மில் ஒரு பாதியும் அல்லர், காற்பங்கும் அல்லர்; நாமே அவர்கள், அவர்களே நாம்.

இனி, இவ்வூரின் வரலாற்றைச் சற்றே புரட்டுவோம்.

1739-ஆம் ஆண்டில் தஞ்சை மராட்டிய அரசரிடமிருந்து காரைக்கால் பிரஞ்சியர் கைக்கு மாறியது. அவர்கள் நாட்டில் 1848-இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. உடனே அவர்களின் கரும்புத் தோட்டங்களுக்கு வேறு ஆள் தேவைப்பட்டது. 1853-இல் மார்த்தினிக்குத் தீவிலும் 1854-இல் குவாதலூப்புத் தீவிலும் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களைக் கப்பல் கொண்டுபோய் இறக்கியது. புதுச்சேரியும் காரைக்காலும் அவ் ஆளேற்றுமதியின் முதன்மைத் துறைகளாயின. காவிரி பாயும் இந்நிலத்தில் நெல் விளையவில்லையா? விளைந்தது. ஆனால், விளைவித்தவனுக்கு நிலம் இல்லை, ஏர் இல்லை, கைம்முதல் இல்லை. ஆகவே கப்பலேறினான்.

அத்தீவுகளில் இன்றும் மாரியம்மன் வழிபாடு இருக்கின்றது. பெயர்களில் தமிழ் எச்சம் இருக்கின்றது. ஆனால், தமிழ்ப்பேச்சு இல்லை! மூன்று தலைமுறைக்குள் மொழி போய்விட்டது.

அதே துறையிலிருந்து வேறொரு வகையினரும் சென்றனர். பிரஞ்சியர் ஆண்ட சைகோன் நகருக்கு நம் முசுலிம் வணிகர்கள் துணிமூட்டையோடும் கணக்கேட்டோடும் சென்றனர். சிறுகடைகளும் துணிக்கடைகளும் வைத்தனர். 1935-இல் அந்நகரின் நடுவே தமிழ் முசுலிம்கள் பள்ளிவாசல் ஒன்றையும் எழுப்பினர். அங்கிருந்த மாரியம்மன் கோயிலும் நம் வணிகர் வழிவந்ததே. அவர்கள் வீட்டில் தமிழ் இருந்தது. கடைக்கணக்கில் தமிழ் இருந்தது. ஊருக்கு எழுதிய மடல்களில் தமிழ் இருந்தது. 1975-க்குப் பின் அரசியல் மாற்றத்தால் அக்கடைகள் மூடப்பட்டன. பெரும்பாலோர் நாடு திரும்பினர், அல்லது பிரான்சுக்குச் சென்றனர். ஆயினும், தமிழராகவே சென்றவர்கள் தமிழராகவே திரும்பினார்கள்.

இப்பொழுது சொல்லுங்கள்: பணத்துக்கும் தமிழுக்கும் தொடர்பு இல்லையா? கைம்முதலோடு சென்றவன் மொழியைக் கொண்டுபோனான். வெறுங்கையோடு சென்றவன், ஏற்றிச் சென்றவனின் மொழியைக் கற்றுக்கொண்டான். இதுவே நான் சொல்ல வந்த செய்தியின் வேர்.

1954 நவம்பர் முதல் நாள் பிரஞ்சு ஆட்சி நீங்கியது. 1962 ஆகத்து 16-இல் சட்டப்படியான கைமாற்றமும் முடிந்தது. ஆட்சி மாறியது, எளியவன் கையில் முதல் சேர்ந்ததா?

2009-இல் இங்கே தனியார் துறைமுகம் ஒன்று தொடங்கப்பட்டது. 2023-இல் அது கடன்முறிவு நடவடிக்கை வழியே வேறொரு பெருங்குழுமத்தின் கைக்குச் சென்றது. கப்பல் வருகின்றது, நிலக்கரி இறங்குகின்றது. ஆயிரக்கணக்கான கோடி உருபாக்கள் புரளும் அக்கடற்கரையிலிருந்து கூப்பிடு தொலைவில், கூடையில் மீன் சுமந்து விற்கும் தாய் ஒருத்தி காலையில் தண்டல்காரனிடம் கடன் வாங்குகின்றாள்.

அத்தண்டலின் கணக்கை நீங்கள் அறிவீர்கள். ஆனால், தாளில் போட்டுப் பார்த்ததுண்டா? ஆயிரம் உருபா என்று எழுதிக்கொண்டு தொள்ளாயிரம் தருவான். நாளுக்குப் பத்து உருபாவாக நூறு நாளில் ஆயிரம் கட்டவேண்டும். நூற்றுக்குப் பத்துத்தானே என்று தோன்றும். ஆனால், நாள்தோறும் முதல் குறைந்துகொண்டே வருகின்றது. அவள் கையில் இருக்கும் கடன் சராசரியாக நானூற்றைம்பது உருபாவே. அதற்கு நூறு நாளில் நூறு உருபா வட்டி. ஆண்டுக்குக் கணக்கிட்டால் நூற்றுக்கு எண்பதை எட்டுகின்றது! வங்கியோ அரசுக் கழகமோ இதில் ஒரு சிறுபங்கு வட்டிக்குத்தான் கடன் தருகின்றது. குறைந்த வட்டி செல்வனுக்கும், கொடுவட்டி ஏழைக்கும் என்பது எந்த நாட்டு முறை?

படகுக்காரன் நிலையும் இதுவே. வலைக்கும் எரிநெய்க்கும் முன்பணம் வாங்கியவன், பிடித்த மீனை முன்பணம் கொடுத்தவனிடமே போடவேண்டும். விலையை அவனே சொல்வான். ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குள் செல்லக்கூடாது. அவ்விரு திங்களும் கடன்தான் சோறு. 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்து கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி முதலிய மீனவர் ஊர்களைத் துடைத்தெடுத்தபின் படகுகள் மீண்டும் வந்தன. முன்பணக் கயிறு மட்டும் அறவே இல்லை.

ஆதித்திராவிடத் தோழர்களின் நிலை இதனினும் கொடிது. சேரியில் ஒருவன் உணவுக்கடை வைத்தால், ஊர்த்தெருவார் அங்கே உண்ண வருவார்களா? கடன் கிடைத்தாலும் வாடிக்கையாளர் கிடைக்காத தொழில் அது! தீண்டாமைக்குக் கோயில் வாயிலில் ஒரு முகம். கடை வாயிலில் மற்றொரு முகம்.

முசுலிம்களைப் பற்றி 2006-இல் சச்சார் குழு நடுவணரசுக்கு அறிக்கை அளித்தது. 2001 கணக்குப்படி இந்திய மக்கள்தொகையில் முசுலிம்கள் 13.4 விழுக்காடு. ஆனால், வங்கிகள் தந்த முன்னுரிமைத் துறைக் கடன் நிலுவையில் அவர்கள் பங்கு 4.6 விழுக்காடே என்று அக்குழு கண்டது. முசுலிம்கள் செறிந்து வாழும் சில பகுதிகளைக் கடனுக்கு ஒவ்வாத பகுதிகள் என்று வங்கிகள் சில ஒதுக்கி வைத்ததையும் அது குறித்தது. பிற மக்களைக் காட்டிலும் சிறுதொழிலையும் சிறுகடையையும் மிகுதியாக நம்பி வாழ்பவர்களுக்கே கடன் குறைவு. விளைவு என்ன? கடையில் போடவேண்டிய கையை வளைகுடா நாட்டுக்கு அனுப்புகின்றோம். இவ்வூரில் பூட்டிக் கிடக்கும் மாடிவீடுகளை எண்ணுங்கள். அவற்றைக் கட்டிய பணம், ஒரு பட்டறையையோ ஆலையையோ கட்ட வழியில்லாமல் சுவராகவே நின்றுவிட்டது.

இத்துணைக்கும் நடுவே, இவ்வூரில் குறைவின்றிக் கிடைப்பது எது? மது! எல்லைக்கு அப்பால் விலை கூடுதல், இப்பால் குறைவு என்று, பக்கத்து மாவட்டங்களிலிருந்தெல்லாம் இங்கே குடிக்க வருகின்றனர். சாராயக் கடைக்கு உரிமம் உண்டு. தையற்பொறிக்குக் கடன் இல்லை. ஒரு குமுகாயத்தை வீழ்த்த இதனினும் எளிய வழி வேண்டுமா?

"அரசுத் திட்டங்கள் இருக்கின்றனவே" என்பீர்கள். உண்மை. 1994-இல் தேசியச் சிறுபான்மையர் மேம்பாட்டு நிதிக் கழகத்தை நடுவணரசு நிறுவியது. அதன் கடனை இங்கே புதுவை அரசின் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையர் மேம்பாட்டுக் கழகம் வழங்குகின்றது. ஆதித்திராவிடர்க்கெனத் தனிக் கழகமும் உண்டு. 2015-இல் வந்த முத்திராத் திட்டத்தில் பிணையின்றியே சிறுகடன் என்றார்கள். பெயர்களுக்குக் குறைவில்லை. குறை எங்கே என்று பாருங்கள்.

முதற்குறை எல்லை. வாஞ்சூரில் நிற்பவன் புதுவை ஆட்புலத்தான். சில அடி நடந்தால் நாகூர், அது தமிழ்நாடு. நாகூர் முசுலிம் இளைஞன் தமிழ்நாட்டுச் சிறுபான்மையர் கழகத்தை நாடலாம்; வாஞ்சூர் இளைஞன் அங்கே போனால் "நீ வேற்று மாநிலத்தான்" என்பர். அவனுக்குரிய தலைமை அலுவலகமோ நெடுந்தொலைவில் புதுச்சேரியில்! பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லை பாராமல் நடக்கின்றன. கடன் மட்டும் எல்லையில் நின்றுவிடுகின்றது.

இரண்டாம் குறை பிணை. அரசூழியர் ஒருவர் பிணை நின்றால்தான் கடன் என்பது பல இடங்களில் வழக்கம். அரசூழியர் உறவே இல்லாத குடிக்குத்தான் அக்கடன் தேவை என்பதை ஏனோ எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

மூன்றாம் குறையே நம் நெஞ்சைச் சுடவேண்டியது: மொழி. நான் நேரில் கண்டதைச் சொல்கின்றேன். தையல் தொழில் செய்யும் முசுலிம் பெண்மணி ஒருவர் இரண்டு பொறிகள் வாங்கக் கடன் கேட்டிருந்தார். துணைக்கு நானும் வங்கிக்குச் சென்றேன். ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிட்ட பத்துப் பதினைந்து தாள்களை அவர்முன் வைத்தனர். பெருக்கற்குறி இட்ட இடமெல்லாம் தமிழில் அழகாகக் கையெழுத்திட்டார். வெளியே வந்ததும், "அண்ணே, நான் எதில் கையெழுத்துப் போட்டிருக்கின்றேன்?" என்று கேட்டார். என்னால் விடைசொல்ல இயலவில்லை; ஏனெனில் நானும் படித்துப் பார்க்கவில்லை! மொழிக்காப்பு மேடைகளில் முழங்கும் நான் அன்று தலைகுனிந்தேன். கடனோடு சேர்த்து, அவர் கேட்காத காப்பீடு ஒன்றும் அவர் தலையில் கட்டப்பட்டிருந்ததைப் பிறகே அறிந்தோம்.

வாடிக்கையாளர்க்கான படிவங்கள் ஆங்கிலம், இந்தி, அவ்வட்டார மொழி ஆகிய மூன்றிலும் இருக்கவேண்டும் என்பது காப்பு வங்கியின் நெறிமுறை. தமிழ்ப் படிவம் நம் உரிமை, நாம் கேட்பதில்லை, அவர்கள் தருவதில்லை.

தோழர்களே, குறை சொல்லி அமர்வதற்காக நான் வரவில்லை. நம் மண்ணிலேயே வழிகாட்டுகள் உள்ளன.

கோயிலுள் நுழையக்கூடாது என்று 1908-இல் இலண்டன் மேல்மன்றம்வரை சென்று தீர்ப்புப் பெறப்பட்ட மக்கள் நாடார்கள். 1899-இல் சிவகாசியில் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. அவர்கள் என்ன செய்தார்கள்? ஒவ்வொரு மூட்டை விற்பனையிலும் சிறுதொகையை 'மகமை' என்று எடுத்துவைத்தார்கள். உறவின்முறை அதனைக் காத்தது. அப்பணத்தில் 1885-இலேயே விருதுநகரில் பள்ளி எழுந்தது. 1921-இல் தூத்துக்குடியில் வங்கி எழுந்தது. இன்று அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. 1922-இல் இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியின் முகத்தையே மாற்றினார்கள். அத்தொழிலில் பின்னாளில் குழந்தைகளின் கைகள் வருந்தியது கறையே, அதை மறைக்கமாட்டேன். ஆனால், வெளியார் கடைக்கண் நோக்குக்குக் காத்திராமல் ஒரு குமுகாயம் தன் சிறுகாசைக் கூட்டி எழுந்தது என்பது மறுக்கவியலாத வரலாறு.

முசுலிம் ஊர்களிலும் இவ்வழி புதிதன்று. கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் 'பைத்துல்மால்' என்னும் பொதுப்பண அமைப்புகள் வட்டியின்றிக் கடன் தருகின்றன. வட்டி கூடாது என்னும் நெறியுடையவர்கள் வங்கிக்குச் செல்லத் தயங்குவது இயல்பு. அவர்கள் நெறியை மதித்து வழி செய்வதே அறிவுடைமை.

இவ்விரண்டும் தத்தம் குலத்துக்கும் சமயத்துக்கும் உள்ளே நின்ற முயற்சிகள். அவ்வேலிகளைத் தாண்டி எழுந்த முயற்சியும் உண்டு. 1906-இல் வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் கப்பல் கழகம் தொடங்கினார். பங்கு ஒன்று 25 உருபா, பங்குகள் 40,000. அவற்றுள் 8,000 பங்குகளை, இரண்டு இலக்கம் உருபாவுக்கு, ஆசி முகம்மது பக்கீர் சேட்டு என்னும் முசுலிம் வணிகர் வாங்கினார். கழகத்தின் தலைவராக அமர்ந்தவர் யார்? 1901-இல் மதுரையில் தமிழ்ச்சங்கம் நிறுவிய பாண்டித்துரைத் தேவர்! தமிழ் வளர்த்த கையும் முசுலிம் வணிகரின் பணமும் சிதம்பரனாரின் துணிவும் ஒன்றாகக் கடலில் இறங்கின. வெள்ளையர் கட்டணத்தைக் குறைத்தும், சிதம்பரனாரைச் சிறையிலிட்டும் அக்கழகத்தை வீழ்த்தினர். கப்பல் தோற்றிருக்கலாம், அக்கூட்டணி தோற்கவில்லை. அதனை நாம்தான் மறந்துபோனோம்.

ஒரு தடையையும் எண்ணிப் பார்க்கவேண்டும். கடன் என்றாலே நன்மை அன்று. வங்காளதேசத்தில் 1976-இல் தொடங்கிய சிறுகடன் முயற்சி ஞாலப்புகழ் பெற்றது. அதே பெயரில் ஆதாயங் கருதிய குழுமங்கள் ஆந்திரத்தில் எளிய பெண்களைக் கசக்கியதால், 2010-இல் அவ்வரசு அவசரச்சட்டம் இயற்ற நேர்ந்தது. ஆகவே, திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் கடன் வேண்டா. தொழிலுக்கு, அதுவும் சந்தை கண்ட தொழிலுக்கே கடன் வேண்டும். கடனுக்கு முன் கணக்கு கற்பிக்கவேண்டும். கடனுக்குப் பின் வாடிக்கை தேடித் தரவேண்டும்.

இனி, நாம் செய்யத்தக்க நான்கு பணிகளைச் சொல்லி முடிக்கின்றேன்.

ஒன்று: ஞாயிறுதோறும் படிப்பகத்தில் ஒரு மேசை போடுங்கள். கடன் வேண்டுவோர்க்குப் படிவத்தைத் தமிழில் விளக்குங்கள். வங்கியில் தமிழ்ப் படிவத்தை எழுத்துமூலம் கேளுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டு: மகமை போன்றதொரு பொதுவைப்புத் தொடங்குங்கள். குலமும் சமயமும் பாராமல், பள்ளிவாசல் தெருவாரும் மேட்டுக்குப்பத்தாரும் சேரியாரும் அதன் பொறுப்பில் அமரட்டும். வட்டி வேண்டா. மூன்று திங்களுக்கு ஒருமுறை கணக்கைத் தெருவில் நின்று படியுங்கள்.

மூன்று: நம்மிடையே அரசூழியர் பலர் இருக்கின்றீர்கள். ஆளுக்கு ஒருவர்க்குப் பிணை நில்லுங்கள். தமிழினம் ஒன்று என்று கைதட்டிய கை, பிணைத்தாளில் கையெழுத்திடத் தயங்கலாமா?

நான்கு: வாங்குங்கள்! உங்கள் வீட்டுத் துணியை அத் தையற்காரப் பெண்மணியிடம் கொடுங்கள். மீனைக் கூடைத்தாயிடம் வாங்குங்கள். சேரித்தோழன் வைத்த உணவுக்கடையில் குடும்பத்தோடு அமர்ந்து உண்ணுங்கள். ஆயிரம் தீர்மானத்தினும் அவ்வொரு வேளை உணவு பெரிது.

அரசை நோக்கி நாம் வைக்கும் வேண்டுகை ஒன்றே: புதுவை அரசும் தமிழ்நாட்டரசும் உடன்படிக்கை செய்து, எல்லையோர எளியோர்க்குக் கடனும் பயிற்சியும் இருபுறமும் செல்லத்தக்கனவாக ஆக்கவேண்டும்.

தோழர்களே! இக்கடற்கரையிலிருந்து இனியொரு தமிழன் கூலியாக ஏறக்கூடாது. ஏறினால் தன் கட்டுமரத்தில் ஏறட்டும். தன் கணக்கேட்டோடு ஏறட்டும். அக்கணக்கேடு தமிழில் இருக்கட்டும். வரும் ஞாயிறு காலை படிப்பகத்தில் மேசை போடப்படும். முதல் நாற்காலியில் நான் அமர்ந்திருப்பேன். இரண்டாம் நாற்காலிக்கு யார் வருகின்றீர்கள்?

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் ஒற்றுமை!